காலேஜ்ல பசங்களோட, ஸ்டாஃபோட மனநலத்தப் பத்திப் பேசணும்னா, கவுன்சிலிங் ரூம் எங்க இருக்குன்றதுல இருந்தே ஆரம்பிப்போம்

நான் மொதல்ல வேலை பாத்த காலேஜ்ல கவுன்சிலிங் ரூம் எங்க இருந்துச்சு தெரியுமா, பிரின்ஸிபல் ரூமுக்கு நேர் எதுக்க. வெளிய ஒரு பெஞ்ச். உள்ள யாராச்சும் இருந்தா அந்த பெஞ்ச்ல உக்காந்துதான் வெயிட் பண்ணணும், ஆபீஸுக்கு வர்ற ஸ்டாஃப், ஃபீஸ் கட்ட வர்ற பசங்க, யார் யாரோட அப்பா அம்மாவோ, எல்லாரும் அந்த வழியாத்தான் போவாங்க. "என்னடா இங்க உக்காந்திருக்க?"ன்னு நாலு பேராச்சும் கேப்பாங்க, அன்பாத்தான் கேப்பாங்க, ஆனா அந்தக் கேள்விக்கு ஒரு 19 வயசுப் பையன் என்ன பதில் சொல்வான்? எந்திரிச்சுப் போயிடுவான். உள்ள போனா ஒரு ரெஜிஸ்டர் வேற, பேரு, டிபார்ட்மென்ட், வந்த காரணம் எல்லாம் எழுதி கையெழுத்து போடணும். அந்த வருஷம் முழுக்க அதுல ஒரு பக்கம்கூட ரொம்பல. வருஷக் கடைசி மீட்டிங்ல அதையே தூக்கிக் காட்டி "நம்ம பசங்களுக்குப் பெருசா பிரச்சனை எதுவும் இல்ல"ன்னு சொன்னாங்க. நானும் அந்த மீட்டிங்ல இருந்தேன், வாயத் தொறக்கல. இன்னிக்கும் அது உறுத்திக்கிட்டே இருக்கு.

இப்ப இருக்குற காலேஜ்ல அந்த ரூம் லைப்ரரி மாடியில, பழைய புக்கெல்லாம் பைண்ட் பண்ற ரூமுக்குப் பக்கத்துல. மாடி ஏறுறவங்க புக்கு எடுக்கப் போறாங்களா கவுன்சிலரைப் பாக்கப் போறாங்களான்னு யாருக்கும் தெரியாது. ரெஜிஸ்டர் கெடையாது, கவுன்சிலர் கையில ஒரு நோட்டு, அது அவங்க பீரோவுக்குள்ள பூட்டி இருக்கும், பிரின்ஸிபல் கேட்டாலும் தரமாட்டாங்க. பசங்க எல்லாம் அதே மாதிரிப் பசங்கதான், வயசும் அதேதான். இங்க அப்பாயின்ட்மென்ட் கெடைக்க மூணு வாரம் ஆகுது.

வெல்னஸ்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஒரு வாரம் நடக்குற ப்ரோக்ராம். வெளிய இருந்து ஒருத்தர் வந்து பேசுவாரு, மூச்சுப்பயிற்சி சொல்லிக் குடுப்பாங்க, போஸ்டர் போட்டி நடக்கும். அது வேணாம்னு நான் சொல்லல, நானே ரெண்டு வருஷம் ஓடி ஓடி நடத்தியிருக்கேன், அதுல வந்து பேசுனதக் கேட்டுட்டு மறுநாள் கவுன்சிலர்கிட்ட போன பொண்ணுங்க உண்டு. ஆனா மிச்சம் அம்பத்தோரு வாரம் இருக்கே. அந்த அம்பத்தோரு வாரமும் எந்த ரூம் எங்க இருக்கு, எந்த டெஸ்ட் எந்த நாள்ல வருது, சப்மிஷன் எத்தன மணிக்கு முடியுது, யாரு களைச்சுப் போய் கெடக்காங்க, இதுலதான் ஒரு காலேஜோட ஆரோக்கியம் இருக்கு. 2015-ல கனடாவுல பல நாட்டுக் காலேஜ்காரங்க கூடி ஒகனாகன் சாசனம்னு ஒண்ணு எழுதுனாங்க, அதுல சொல்றதும் கிட்டத்தட்ட இதேதான்: ஆரோக்கியத்தத் தனியா ஒரு பிரிவு வச்சு கவனிக்காதீங்க, நிர்வாகம், பாடம், கட்டடம், தினப்படி நடவடிக்கை எல்லாத்துக்குள்ளயும் அதக் கலந்து வைங்கன்னு.

இந்த வயசு ஏன் இவ்ளோ முக்கியம்னு கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவுல பண்ணி 2005-ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கு. வாழ்க்கையில என்னைக்காவது மனநலப் பிரச்சனை வர்றவங்கள எடுத்துக்கிட்டா அதுல பாதிப் பேருக்கு 14 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிடுது, முக்கால்வாசிப் பேருக்கு 24 வயசுக்குள்ள ஆரம்பிச்சிடுதுன்னு அது சொல்லுச்சு. நம்ம கிளாஸ்ல உக்காந்திருக்குறது யாரு? 17-ல இருந்து 22 வரைக்கும். வீட்ட விட்டு மொத தடவ வெளிய வந்தவங்க பாதி, யாருக்கும் தெரியாம அழ ஒரு எடம்கூட இல்லாதவங்க மீதி.

போன செமஸ்டர் நடந்தத சொல்றேன், அந்தப் பையன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், அடையாளம் தெரியாத மாதிரி சிலத மாத்தியிருக்கேன். எனக்கு லேப் பீரியட் முடிஞ்சு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துட்டேன். எங்க லேப் அசிஸ்டென்ட் அண்ணா பின்னாடியே வந்தாரு. "மேம், அந்தக் கடைசி டேபிள் பையன் ரீடிங் எல்லாம் ஒழுங்கா எடுக்குறான், ஆனா எழுத மாட்டேங்குறான், இன்னிக்கு எல்லாரும் போயிட்டாங்க, அவன் மட்டும் உக்காந்திருக்கான், எனக்கு என்னமோ சரியாப் படல"ன்னாரு. போய்ப் பாத்தேன். முன்னாடி ரெக்கார்ட் நோட்டு தொறந்து இருக்கு. எக்ஸ்பெரிமென்ட் பேரு, நோக்கம், தேவையான கருவிகள் எல்லாம் அழகான கையெழுத்து, பென்சில்ல ஸ்கேல் வச்சு டேபிள் போட்டிருக்கான், கோடெல்லாம் அவ்ளோ நேரா இருக்கு, ஆனா கட்டம் அத்தனையும் காலி. திருப்புறேன், அடுத்த எக்ஸ்பெரிமென்ட்டும் அப்படியே, அதுக்கு அடுத்ததும். ஆறு எக்ஸ்பெரிமென்ட். கோடு போட்டுட்டு, அதுக்கு மேல முடியாம மூடி வச்சிருக்கான் ஒவ்வொரு தடவையும். இத நான் திருத்துறப்பவே பாத்திருக்கணும், "இன்கம்ப்ளீட்"னு செவப்பு பேனாவுல எழுதி கையெழுத்தும் போட்டிருக்கேன்.

"தூங்குறியாப்பா?"ன்னு கேட்டேன். "ம்." "எத்தன மணிக்குப் படுக்குற?" "மூணு... சில நாள் நாலு மேம்." அப்புறம் "ஒண்ணுமில்ல மேம், எழுதிடுறேன் மேம், திங்கக்கெழம குடுத்துடுறேன்"னு அவசர அவசரமா நோட்ட மூடுனான். நான் நோட்ட நகத்தி வச்சிட்டு பக்கத்து ஸ்டூல்ல உக்காந்தேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அண்ணா அந்தப்பக்கம் லென்ஸெல்லாம் தொடச்சு பெட்டியில வச்சிக்கிட்டு இருந்தாரு. அப்புறம்தான் கேட்டேன், "செத்துப் போயிடலாம்னு எப்பவாச்சும் தோணுச்சாப்பா?"ன்னு. அதுவரைக்கும் தல நிமிராத பையன் அப்பதான் நிமிந்து பாத்தான். "போன வாரம் தோணுச்சு மேம்"னான்.

இந்தக் கேள்விய அப்படி நேரா கேக்கலாமா, கேட்டா இல்லாத நெனப்ப நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிடாதான்னு நெறைய ஸ்டாஃப் பயப்படுவாங்க. நானும் பயந்தேன் ஒரு காலத்துல. அப்படி ஆகாதுன்றது ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வந்த முடிவு, கேக்குறதால அந்த எண்ணம் புதுசா மொளைக்கிறது இல்ல, சொல்ல ஆள் இல்லாம தவிச்சவங்களுக்கு அது ஒரு வழியத்தான் தொறந்து விடுது. சுத்தி வளைச்சு "தப்பு தண்டா எதுவும் யோசிக்கலல்ல?"ன்னு கேட்டா, நமக்கு "இல்ல"ன்ற பதில்தான் வேணும்னு அவனுக்குப் புரிஞ்சுடும், அதையே குடுத்துடுவான். இத எனக்குச் சொல்லிக்குடுத்தது மனநல முதலுதவின்னு ஒரு ட்ரெய்னிங். 2000-ல ஆஸ்திரேலியாவுல பெட்டி கிச்சனர்னு ஒரு நர்ஸும் அவங்க கணவர் டோனி ஜார்ம்ன்ற ஆய்வாளரும் ஆரம்பிச்சது, இப்ப பல நாட்டுல இருக்கு. அதுல நம்மள டாக்டர் ஆக்கமாட்டாங்க. ஆபத்து இருக்கான்னு பாரு, கொற சொல்லாம கேளு, தகுந்த ஆள்கிட்ட கொண்டுபோய்ச் சேரு, அவ்ளோதான். "கொண்டுபோய்ச் சேரு"ன்றதுதான் அதுல உயிர். "கவுன்சிலரப் போய்ப் பாரு"ன்னு சொல்லி அனுப்புறது வேற, கூட நடந்து போறது வேற. அந்த நெலமையில இருக்குற பையனுக்கு லைப்ரரி மாடி ஏறுறதே ஒரு மலை.

நாங்க மூணு பேரும் நடந்து போனோம். அண்ணா லேப்பப் பூட்டிட்டு அவரும் வந்தாரு. எனக்கு அடுத்து கிளாஸ் இருந்துச்சு, பக்கத்து சீட்டு மேம்கிட்ட பாத்துக்கச் சொல்லிட்டேன். கவுன்சிலர் கையில இருந்த வேலைய நிறுத்திட்டு உள்ள கூப்பிட்டாங்க. போறதுக்கு முன்னாடி அவன் "யார்கிட்டயும் சொல்லாதீங்க மேம்"னான். "தெரியவேண்டிய ஆளத் தவிர யார்கிட்டயும் சொல்லமாட்டேன், உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுதான் சொல்வேன்"னேன். முடியாத சத்தியத்த அந்த நேரத்துல பண்ணிடக் கூடாது, அப்புறம் அத மீறுனா அவன் இனிமே யாரையும் நம்பமாட்டான். அன்னிக்கே அந்தப் பையனோட சொந்த அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனாரு, டாக்டரப் பாத்தாங்க, அவன் இப்ப வர்றான், மருந்து சாப்பிடுறான், ஆறு எக்ஸ்பெரிமென்ட்டையும் செமஸ்டர் லீவுல முடிச்சுக் குடுத்தான். அதுக்கு டைம் வாங்குறதுக்கு நான் எத்தன படி ஏறி எறங்குனேன்றது தனிக் கத.

இங்க ரெண்டு விஷயம் என்னைய விடமாட்டேங்குது.

மொதல்ல அந்த அண்ணா. எங்க காலேஜ் வெல்னஸ் கமிட்டியில 11 பேரு, அத்தன பேரும் டீச்சிங் ஸ்டாஃப். யாருக்கு எது சரியில்லன்னு மொதல்ல தெரியுறது யாருக்கு? லேப் அண்ணாவுக்கு, லைப்ரரியில சாயங்காலம் வரைக்கும் இருக்குறவங்களுக்கு, ஹாஸ்டல் பெருக்குற அக்காவுக்கு, ராத்திரி கேட்ல நிக்கிற செக்யூரிட்டிக்கு. எந்த ரூம்ல லைட்டு விடிய விடிய எரியுது, எந்தப் பொண்ணு மூணு நாளா கதவத் தொறக்கல, இதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். ஆனா யார்கிட்ட சொல்றதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லி வைக்கல, சொன்னா "உனக்கெதுக்கு இந்த வேலை"ன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம் வேற. அவங்களோட நலன்னு ஒண்ணு இருக்குன்றதே யார் பேச்சுலயும் வராது. ஃபீஸ் கட்ட கடைசி நாள்ல ஆபீஸ் கவுன்ட்டர்ல உக்காந்து பாருங்க, ரூல் போட்டது யாரோ, திட்டு வாங்குறது அந்த கவுன்ட்டர்ல இருக்குற ஆளு. 1983-ல ஆர்லி ஹோக்‌ஷில்டுன்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் விமானப் பணிப்பெண்கள வச்சு இதப் பத்தி எழுதுனாங்க, உள்ள என்ன இருந்தாலும் முகத்துல அமைதியக் காட்டுறதும் ஒரு உழைப்புதான், சம்பளத்துக்குள்ள அதுவும் அடக்கம்னு. எங்க ஆபீஸ் அக்கா சாயங்காலம் பேக் எடுத்துக்கிட்டு கெளம்புறப்ப அவங்க முகத்தப் பாத்தா அது என்ன உழைப்புன்னு தெரியும்.

ரெண்டாவது, அன்னிக்கு ராத்திரி. பையன் பத்திரமா வீட்டுக்குப் போயிட்டான், எனக்குத் தூக்கம் வரல. செவப்பு பேனாவுல நான் போட்ட கையெழுத்தே கண்ணு முன்னாடி நிக்கிது. மறுநாள் ஒம்பது மணிக்கு கிளாஸ், எடுத்தேன். "நீங்க எப்டி இருக்கீங்க"ன்னு கேக்கணும்னு அங்க யாருக்கும் தோணல, அது அவங்க தப்பு இல்ல, அப்படிக் கேக்குறதுக்குன்னு ஒரு ஏற்பாடே எங்கயும் இல்ல. கவுன்சிலர் இருக்காங்களேன்னு சொல்லலாம். ஆனா ஸ்டாஃப் அங்க போகமாட்டாங்க, தினமும் கூட வேலை பாக்குறவங்க, அதே மேனேஜ்மென்ட்கிட்ட சம்பளம் வாங்குறவங்க, அவங்க முன்னாடி உக்காந்து அழ யாருக்கு மனசு வரும்? ஸ்டாஃபுக்கு வெளிய ஒரு ஆள் வேணும், காலேஜ் பணம் கட்டணும், யார் போனாங்கன்னு காலேஜுக்குத் தெரியக்கூடாது. பெரிய கம்பெனிகள்ல இந்த மாதிரி ஏற்பாடு எவ்ளோ வருஷமா இருக்கு, காலேஜ்ல கேட்டா புதுசா எதையோ கேட்ட மாதிரி பாக்குறாங்க.

பர்ன்அவுட்னு இப்ப எல்லாரும் சாதாரணமா சொல்ற வார்த்தைய 1974-ல ஒரு ஆய்வுக் கட்டுரையில எழுதுனவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்ல ஒரு இலவச கிளினிக்ல வேலை பாத்தவரு, தானும் கூட இருந்தவங்களும் உதவி பண்ணிப் பண்ணியே வத்திப் போனதப் பாத்துதான் எழுதுனாரு. 2019-ல உலக சுகாதார நிறுவனம் இதுக்கு மூணு அடையாளம் சொல்லுச்சு, சக்தியெல்லாம் வத்திப் போறது, வேலை மேல ஒரு விலகலும் கசப்பும் வர்றது, நம்மளால எதுவும் உருப்படியா செய்ய முடியலன்ற நெனப்பு. இது வியாதி இல்ல, வேலை செய்ற எடத்துல ரொம்ப நாள் அழுத்தம் இருந்து அத யாரும் சரி பண்ணாததால வர்றதுன்னும் தெளிவா சொல்லியிருக்காங்க. அதாவது தனியாளோட பலவீனம் இல்ல. இதுல அந்த ரெண்டாவது அடையாளத்த நல்லா யோசிச்சுப் பாருங்க. விலகலும் கசப்பும் வந்த டீச்சர் என்ன பண்ணுவாங்க? பையன் லேட்டா வந்தா "வெளிய நில்லு"ம்பாங்க. காலியா இருக்குற டேபிளப் பாத்தா "இன்கம்ப்ளீட்"னு எழுதுவாங்க, ஏன்னு கேக்கமாட்டாங்க. அந்த வாரம் எனக்கு 60 ரெக்கார்ட், ரெண்டு இன்வெஜிலேஷன், ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல். அதனாலதான் சொல்றேன், ஸ்டாஃப் நலன் ஒரு கமிட்டி, ஸ்டூடன்ட் நலன் வேற கமிட்டின்னு பிரிச்சு வைக்கிறதே தப்பு. களைச்ச கண்ணுக்குப் பக்கத்துல இருக்குறவன் தெரியமாட்டான்.

ஃபார்ம் அனுப்புறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பிஎச்க்யூ-9னு ஒரு கேள்வித்தாள், ஒம்பது கேள்வி, போன ரெண்டு வாரத்துல எப்படி இருந்தீங்கன்னு கேக்கும், மொத்தம் 27 மார்க். மனச்சோர்வு இருக்கலாமான்னு ஒரு மொதல் பார்வை பாக்குறதுக்கு நல்ல கருவி, அதவச்சு மட்டும் வியாதின்னு முடிவு பண்ண முடியாது. அதுல ஒம்பதாவது கேள்வி, செத்துடலாம், இல்ல தன்னையே காயப்படுத்திக்கலாம்னு எண்ணம் வருதான்றது. நான் முன்னாடி இருந்த காலேஜ்ல இத ஆன்லைன் ஃபார்மா மாத்தி, பேரு ரோல் நம்பரோட எல்லாப் பசங்களுக்கும் அனுப்புனாங்க. எண்ணிக்கை வேணும், ரிப்போர்ட்ல போட. வந்த பதில யாரும் தொறக்கல. செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு கிராஃப் போட உக்காந்தப்பதான் பாத்தாங்க, ஒரு பொண்ணு ஒம்பதாவது கேள்விக்கு "கிட்டத்தட்ட தெனமும்"னு போட்டிருக்கா, ஏழு வாரத்துக்கு முன்னாடி. கடவுள் புண்ணியம், அதுக்குள்ள அவளே அவ ஃப்ரெண்டுகிட்ட சொல்லி வீட்டுக்குப் போயிருந்தா. அன்னிக்கே யாரு பாப்பாங்க, பாத்தா என்ன பண்ணுவாங்கன்னு முடிவு பண்ணாம அந்தக் கேள்வியக் கேக்காதீங்க தயவுசெஞ்சு. உதவி கேட்டு கைய நீட்டச் சொல்லிட்டு நாம முதுகத் திருப்பிக்கிட்ட மாதிரி அது.

அவ ஃப்ரெண்டுகிட்ட சொன்னாளே, அது ரொம்ப சாதாரணமா நடக்குறதுதான், பசங்க மொதல்ல சொல்றது ஃப்ரெண்டுகிட்டதான். அதனால கேட்ட பொண்ணையும் யாராச்சும் பாத்துக்கணும், ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா தூங்காம அவ கூட உக்காந்திருந்த 18 வயசுப் பொண்ணு அவ. தனியா விடாத, பெரியவங்க ஒருத்தர்கிட்ட கண்டிப்பா சொல்லு, அத காட்டிக் குடுக்குறதுன்னு நெனைக்காத, இந்த மூணு மட்டும் ஃபர்ஸ்ட் இயர் ஓரியன்டேஷன்லயே எல்லாருக்கும் சொல்லி வச்சிடலாம்.

காசே செலவாகாத விஷயம் ஒண்ணு இருக்கு, கேலண்டர். எங்க டிபார்ட்மென்ட்ல ஆன்லைன் அசைன்மென்ட் எல்லாத்துக்கும் கடைசி நேரம் ராத்திரி 11:59. ஏன்னு யாருக்கும் தெரியாது, அந்த சாஃப்ட்வேர்ல அப்படியே இருந்துச்சு, அப்படியே விட்டுட்டோம். இந்த வயசுல உடம்புக் கடிகாரமே கொஞ்சம் தள்ளித்தான் ஓடும், தூக்கம் வர்ற ஹார்மோன் சொரக்குறதே லேட்டு, அது சோம்பேறித்தனம் இல்ல. 7-ல இருந்து 9 மணி நேரம் தூக்கம் வேணும்னு டாக்டருங்க சொல்றாங்க. ஏற்கனவே தள்ளிப் போற தூக்கத்த நாமளும் நடுராத்திரிக்குத் தள்ளி விட்டுட்டு, காலையில எட்டரைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குறோம். இப்ப சாயங்காலம் 5 மணின்னு மாத்திட்டோம். மொத வாரம் பசங்க சண்டைக்கு வந்தாங்க, அப்புறம் ஒரு பொண்ணு சொன்னா, "மேம், அஞ்சு மணிக்கு முடிஞ்சிடுச்சுன்னா அதுக்கப்புறம் குற்ற உணர்ச்சி இல்லாம சும்மா இருக்க முடியுது"ன்னு. சந்தேகம் கேக்குறவங்களும் பகல்லயே கேட்டுடுறாங்க, எனக்கும் ராத்திரி பதினொண்ணுக்கு மெசேஜ் வர்றது கொறஞ்சிடுச்சு. அதே மாதிரி டெஸ்ட் தேதி. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் தனித்தனியா போடுறதால ஒரே வாரத்துல அஞ்சு டெஸ்ட், அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஒண்ணுமில்ல. ஒரு சார்ட்ல எல்லாத்தையும் எழுதி ஸ்டாஃப் ரூம் சுவத்துல ஒட்டுனோம், அப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. பேப்பர் திருத்துறதும் அதே வாரத்துல வந்து எங்க தலையில விழுதுன்றதும் அப்பதான் உறைச்சுது.

கவுன்சிலர் எண்ணிக்கை பத்தி பேசாம முடிக்க முடியாது. 1000-ல இருந்து 1500 பசங்களுக்கு ஒரு முழுநேர கவுன்சிலர்னு ஒரு அளவு சர்வதேச அளவுல சொல்றாங்க. அதுகூட கொறைஞ்சபட்சம்தான். எங்களுக்கு 3200 பேருக்கு ஒருத்தர். அவங்களும் காலையில 10-ல இருந்து 4 வரைக்கும், அந்த நேரம் பூரா பசங்க கிளாஸ்ல இருப்பாங்க, கவுன்சிலரப் பாக்கணும்னா அட்டெண்டன்ஸ் போகும், இல்லன்னா சார்கிட்ட காரணம் சொல்லி பெர்மிஷன் வாங்கணும், மறுபடியும் அந்தப் பழைய பெஞ்ச் கததான். இன்னொரு கவுன்சிலர் கேட்டு எழுதிக் குடுத்திருக்கோம், பட்ஜெட்ல பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க, விடமாட்டோம். அதுக்குள்ள நேரத்தயாச்சும் மாத்துங்கன்னு கேட்டோம், வாரத்துல ரெண்டு நாள் மதியம் 1-ல இருந்து ராத்திரி 7 வரைக்கும், அவங்களுக்கு வேலை நேரம் கூடாம. ஒரு நாளுக்குத்தான் ஒத்துக்கிட்டாங்க. லைப்ரரி மாடி லைட்ட ஏழு வரைக்கும் அணைக்காம பாத்துக்க ஒரு ஆள் வேணும்னாங்க, லேப் அண்ணா கைய தூக்குனாரு. அவருக்கு அன்னிக்கு காலையில ரெண்டு மணி நேரம் லேட்டா வர எச்ஓடி எழுத்துல குடுத்தாதான் சரின்னு நான் நின்னுட்டேன், குடுத்துட்டாங்க. வர்ற புதன்கெழமைல இருந்து.